எஃப்.ஓ.ஆர். தெருவின் கடைசி வீடு

என் இடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இருவரும் முதல் நாளே என்னிடம் கேட்டது, "சார், அந்தத் தெரு முறையை எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்பதுதான். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். நேரம் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னால் அதன் கடைசி வீட்டையும் சொல்லியாக வேண்டும். அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். நீங்கள் சுவரில் படம் ஓட்டிப் பாடம் நடத்துகிறவர்கள். நான்கு பக்கம் சேர்ந்தாற்போல் வாசிக்கும் பழக்கம் இன்னும் முழுதாக விட்டுப்போயிருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் முறை. பெரம்பலூரில் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றபின், சனி ஞாயிறுகளில் அரியலூருக்கு வந்து இந்தப் பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். வந்தவர்கள் பிள்ளைகள் இல்லை. சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்ப்பவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுபவர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவர், கல்லூரி முடித்துச் சும்மா இருக்கிறவர் என்று எல்லாரும் அரசுத் தேர்வு எழுத வந்த பெரியவர்கள். எல்லாருக்கும் ஒரே பயம், ஆங்கில வார்த்தைகள்.

பயத்துக்குக் காரணம் கையேடுகள்தான். அதில் வார்த்தைகள் அகர வரிசையில் நிற்கும். ஒரே எழுத்துகளில் தொடங்குகிறவை கும்பலாக வரும். இரவு படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். காலையில் எழுந்தால் அத்தனையும் ஒரே முகமாகிவிடும். இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, எது அண்ணன் எது தம்பி என்று விழிப்பார்கள்.

அதனால் நான் ஒரு தெரு போட்டேன். ஒரே எழுத்துகளில் தொடங்கும் வார்த்தைகள் எல்லாம் ஒரே தெரு. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வீடு. ஒவ்வொருவரும் ஒரு வீட்டில் குடியேற வேண்டும். வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' கிடையாது. தன் வீட்டைச் சொல்லி, தமிழில் பொருள் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்துக்கு வீட்டு வரி என்று பெயர் வைத்தேன். அது அந்த வாரம் தன் சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். கையேட்டிலிருந்து எடுத்தால் பொய் வரி, செல்லாது.

ஒவ்வொரு தெருவிலும் எனக்கும் ஒரு வீடு உண்டு. தெருவிலேயே நல்ல வீடாகப் பார்த்து முதலில் நான் எடுத்துக்கொள்வேன். எனக்கு மட்டும் வரி கிடையாது. ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு யார் போய் வரி கேட்பார்கள்?

முறை நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மறுக்க மாட்டேன். உங்கள் முகத்தில் இப்போதே ஓர் ஆசை தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அந்த மாதம் நாங்கள் எஃப்.ஓ.ஆர். தெருவுக்கு வந்தோம். கரும்பலகையில் வீடுகளை வரிசையாக எழுதினேன். ஃபார்ச்சூன், நற்பேறு. ஃபர்கெட், மறத்தல். ஃபர்பிட், தடுத்தல். ஃபர்கிவ், மன்னித்தல். ஃபர்சேக், கைவிடுதல். இன்னும் பல. மன்னித்தலுக்கு நேராக என் பெயரை எழுதிக்கொண்டேன். வாத்தியாருக்குப் பொருத்தமான வீடு என்று அப்போது தோன்றியது.

மற்ற வீடுகளுக்கு முந்தியவருக்கு முதலிடம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கீதா என்ற பெண் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்து நற்பேற்றைப் பிடித்தாள். டிப்பர் ஓட்டும் பாஸ்கர் மறத்தலைக் கேட்டு வாங்கினான். அடுத்த வகுப்பில் வரி கேட்டபோது எழுந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"எனக்கு எந்த வூடு குடுத்தீங்கன்னு மறந்துட்டேன் சார்."

"பாஸ்கர், விளையாடாத."

"விளையாடல சார். இதான் என் வாக்கியம், இங்கிலீஷ்லயும் சொல்லிடறேன். சொந்த வாழ்க்கை, இந்த வாரம், எல்லாம் சரியா இருக்குல்ல?"

வகுப்பே சிரித்தது. வரியை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்காமல் இருக்க வழியில்லை.

வீடுகளைப் பிரித்துக்கொடுத்த அன்று வளர்மதி தாமதமாக வந்தார். செந்துறைக்கு அப்பால் ஒரு ஊர். செந்துறை பஸ் வந்தால்தான் அவரும் வருவார், அது வருகிறபோது வரும். முப்பதை நெருங்கும் வயது. கேட்டால் மட்டும் பேசுகிறவர். அவர் கதவருகே வந்து நின்றபோது பலகையில் ஒரே ஒரு வீடுதான் மீதம் இருந்தது.

"வாங்க வளர்மதி. உங்களுக்குக் கடைசி வூடுதான். ஃபர்சேக். கைவிடுதல்."

"வேற இல்லீங்களா சார்?"

"லேட்டா வந்தா தெருக்கோடிதான்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து பாஸ்கர் சொன்னான்: "தெருன்னு ஒண்ணு போட்டாலே கோடி வூடுன்னு ஒண்ணு வந்துருது பாத்தீங்களா சார்." அதில் என்னைக் குத்தும் முள் ஒன்று இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்துவிட்டேன்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல நீங்களும் தெரியாமல் இதைக் கடந்து போகக் கூடாது. வளர்மதியின் கணவர் அவரையும் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் விட்டுவிட்டு வெளியூரில் வேறொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். வளர்மதி அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் கெட்டவரில்லை. ஆனால் கணக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்தப் பரீட்சை வரைக்கும் பாக்குறேன். வேலை கெடைச்சா சரி. இல்லாட்டி நீ திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போ, புள்ளை இங்க இருக்கட்டும்." ஆக, அந்தத் தேர்வில் வென்றால் மகள் தன்னோடு, தோற்றால் மகள் அண்ணன் வீட்டில், தான் திருப்பூரில். வகுப்பில் இது எல்லாருக்கும் தெரியும். பாஸ்கரின் மனைவி வளர்மதியின் ஊர்க்காரர். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

முதல் வரி. வளர்மதி எழுந்து, சுரங்கத்துச் சாலையில் ஒரு ஓட்டுநர் பழுதான லாரியைக் கைவிட்டுப் போனார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் நான் படித்தவன் அல்லவா, சும்மா விடுவேனா?

"லாரிக்கு இந்த வார்த்தை வேண்டாம்மா. இது மனுஷங்களுக்கானது. நம்மை நம்பி இருக்கிறவங்களை விட்டுட்டுப் போறதுதான் ஃபர்சேக். மனுஷனை வச்சுச் சொல்லுங்க, அப்பதான் வார்த்தை வூட்டுக்குள்ள வரும்."

வகுப்பு அமைதியாக இருந்தது. நான் விளக்கிய அழகில் சொக்கிப்போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருடம் நின்று பேசியே பிழைத்தவனுக்கு அமைதி எல்லாமே பாராட்டாகத்தான் கேட்கும். உங்களுக்கும் கேட்கும், பாருங்கள்.

அடுத்த முறை அவர் யோசித்துச் சொன்னார்: மனிதர்கள் கைவிடுவதில்லை சார், செந்துறை பஸ்தான் கைவிடுகிறது. நான் உரக்கச் சிரித்தேன். என்னோடு வேறு யாரும் சிரித்த ஞாபகம் இல்லை. "நல்லாருக்கு. ஆனா இன்னும் மனுஷன் வரலையே" என்றேன். பஸ்ஸை வைத்து அவர் போட்ட வேலியையும் நான் பிடுங்கிப் போட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்டேன். எழுந்தார். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னார்: என் கணவர் என்னையும் என் மகளையும் கைவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடந்த காலத்தைச் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பார்த்தேன். ஃபர்சேக்குக்கு அது ஃபர்சுக் என்று கொஞ்சம் விலகித்தான் வரும், பலர் தப்பாகச் சொல்வார்கள். அவர் தப்பாகச் சொல்லவில்லை.

"பிரமாதம். இலக்கணம் சுத்தமா இருக்கு. இப்படித்தான் இருக்கணும் வாக்கியம். எல்லாரும் கை தட்டுங்க."

யாரும் தட்டவில்லை. நான் மட்டும் தட்டினேன். வளர்மதி உட்கார்ந்தார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

இதற்குமேல் இதைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையில் நடந்ததை நாற்பது பேர் முன்னால் சொல்கிறார். நான் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறார். சொந்த வாழ்க்கையிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்ற விதியும் என்னுடையதுதான். அதை நான் வாக்கியமாகக் கேட்டேன். உண்மை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மாதிரிக்கு ஒரு வாக்கியம் செய்திருக்கிறார் என்று நினைத்தேன். பொய் வரி செல்லாது என்று விதி போட்டவனுக்கு, மெய் வரி வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து ரயில் நிலையச் சாலையிலிருக்கும் டீக்கடையில் நின்றிருந்தேன். பாஸ்கர் வந்தான். டீ சொன்னான். வழக்கமாக அவன் வாய் சும்மா இருக்காது. அன்று டீயை ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டுத்தான் தொடங்கினான்.

"சார், நீங்க கை தட்டச் சொன்னீங்களே. ஏன் யாருமே தட்டலன்னு பாத்தீங்களா?"

"பசி நேரம். சோர்ந்து போயிட்டீங்க."

"நல்லா சொன்னீங்க போங்க" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் மேலே உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னான். கணவர், மகள், அண்ணன், திருப்பூர்.

டீ கிளாஸை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? மொத வாரம் தெரியாம கேக்குறாரு போலன்னு இருந்தோம். மறுபடி மறுபடி கேக்கவும், சரி, தெரிஞ்சுதான் கேக்குறாரு, என்னமோ பயிற்சி குடுக்குறாரு போலன்னு நெனச்சுக்கிட்டோம். படிச்சவங்க செய்யிறதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல." மீதி டீயைக் கீழே ஊற்றினான். "அவங்க சொன்னப்ப நீங்க கடந்த காலம் சரியா இருக்குன்னீங்க. அது கடந்து போன காலமே இல்ல சார். போன வாரங்கூட அந்தாளு ஊருக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்கான்."

தம்பி, தங்கை, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த மறுநிமிடம்தான் ஆபத்தான நிமிடம். முதல் தவறை அறியாமல் செய்தேன். இரண்டாவதை நன்றாக அறிந்து, நல்லெண்ணத்தோடு, அவசர அவசரமாகச் செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. பெரம்பலூரிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கு நானே உருகிக்கொண்டு வந்தேன். வகுப்பில் நுழைந்ததும் பலகைக்குப் போய், கைவிடுதலுக்கு நேராக இருந்த வளர்மதியின் பெயரை அழித்தேன். நற்பேற்றுக்கு நேராக எழுதினேன்.

"இன்னையிலேர்ந்து ஃபார்ச்சூன் உங்க வூடு, வளர்மதி. உங்களுக்கு நல்லதே நடக்கணும்."

என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அதைக்கூட நான் அடக்கவில்லை.

வீடு பறிபோன சங்கீதா முகத்தைக் கையேட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வளர்மதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் அவரைப் பார்க்காமல் இருந்து கொடுத்தார்கள். அதுதான் அந்த வகுப்பு அவருக்குச் செய்த மரியாதை. நான் அதைக் கலைத்துவிட்டேன். இப்போது அவர் வீடு மாறியவர் அல்ல, பாவப்பட்டு வீடு கொடுக்கப்பட்டவர்.

வளர்மதியிடம் வரி கேட்டபோது, "அடுத்த வாரம் சொல்றேன் சார்" என்றார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறும் வரவில்லை.

தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அவர் வகுப்பை விட்டுவிட்டார் என்று அண்ணன் காதுக்கு எட்டினால் போதும், தேர்வு வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார். போனில் கூப்பிடலாமா என்றால் அந்த எண் அண்ணனுடையது. நேரில் போகலாம் என்று கிளம்பியே விட்டேன். பாஸ்கர்தான் மறித்தான்.

"நீங்க போவாதீங்க சார். வாத்தியார் எதுக்கு ஊடு தேடி வந்தாருன்னு அவங்க அண்ணன் கேப்பாரு. நீங்க உருகுவீங்க. எல்லாம் வெளிய வந்துரும். சாயங்காலமே திருப்பூர் பஸ்ஸுதான்."

"அப்போ என்னதான்பா செய்யிறது?"

"அவங்க ஊட்டுல இல்ல சார். சனி ஞாயிறு சரியா பஸ் ஏறி அரியலூர் வந்துடுறாங்க. அண்ணனுக்கு வகுப்புக்குப் போறதாத்தான் கணக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல ஒக்காந்து படிக்கிறாங்க. நான் பாத்தேன்." அப்புறம் பழைய பாஸ்கராகி, "பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்குங்க சார். இந்த வயசுல பிடிச்சாங்கன்னா நல்லாருக்காது" என்றான்.

நாற்பது வருடத்தில் நான் டிக்கெட் எடுத்து உள்ளே போன ஒரே வகுப்பு அதுதான்.

நடைமேடையின் கோடியில் ஒரு பெஞ்சில் வளர்மதி இருந்தார். மடியில் கையேடு, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் உட்காரச் சொல்லி, அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். வரும் வழியில் நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வேளையாக ஒரு சரக்கு ரயில் வந்தது. அது நீளமான ரயில். போய் முடிவதற்குள் அந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்கே வெட்கமாகிவிட்டன.

"நான் தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். "ரெண்டு தடவை."

"ரெண்டாவதுதான் சார் பெருசு" என்றார்.

"தெரியுது."

"மொதல்ல நீங்க கேட்டப்ப எனக்குக் கோவமே வரல. ஒரு வகையில நல்லாக்கூட இருந்துச்சு. எல்லாரும் அதச் சுத்திச் சுத்தி நடந்தாங்க. சொல்லிட்டா விட்டுருவாங்கன்னு சொல்லிப்புட்டேன். நீங்க இலக்கணம் பாத்தீங்க. சரி, இவருக்கு அதுதான் தொழில்னு நெனச்சுக்கிட்டேன்." கையேட்டை மூடினார். "மறுநாள் வந்து எனக்கு நல்லது நடக்கணும்னீங்க பாருங்க. அந்தப் பொண்ணு அழுதுச்சு சார். ஒருத்தர் ஊட்டப் புடுங்கி எனக்குக் குடுக்கறீங்க. எனக்கு அதுதான் நடந்துச்சு. அதையே நான் இன்னொருத்திக்குப் பண்ணணுமா?"

"வகுப்புக்கு வந்துடுங்க. உங்களை நான் கூப்பிடவே மாட்டேன். வரி வேண்டாம்" என்றேன்.

"அது இன்னும் மோசம். எல்லாரையும் கூப்பிட்டு என்னை மட்டும் விட்டா?" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வரேன் சார். ஆனா அந்தப் பொண்ணு ஊட்ட அதுகிட்டயே குடுத்துடுங்க. உங்க ஊடுதான் சும்மாத்தான கெடக்கு. ஒரு வரி கட்டினதில்ல நீங்க."

"எது, ஃபர்கிவா?"

"அதத்தான் சொல்றேன். எனக்கு அது வேணும். நீங்க என்னோடத எடுத்துக்கிட்டு வரி கட்டுங்க. என்னப் பத்திப் பேசக் கூடாது. உங்களப் பத்திப் பேசுங்க."

அடுத்த வகுப்பில் பலகையில் பெயர்களை மாற்றி எழுதினேன். சங்கீதாவுக்கு அவள் வீடு. மன்னித்தலில் வளர்மதி. கைவிடுதலில் நான். காரணம் சொல்லவில்லை. வாத்தியாரும் இனி வரி கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பாஸ்கர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பெயரையே கூப்பிட்டான்.

"இன்று காலை பெரம்பலூரில் பஸ் என்னைக் கைவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"பஸ்ஸெல்லாம் ஏற்கெனவே வந்துருச்சு சார்" என்றான் பாஸ்கர். "மனுஷன வச்சு சொல்லுங்க. அப்பதான் வார்த்தை ஊட்டுக்குள்ள வரும்னு நீங்கதான சொன்னீங்க."

ஒரு வாக்கியத்துக்காக நாற்பது பேர் முன்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? பாடம் நடத்துவதும் அதுவும் ஒன்றல்ல. கால் எங்கே வைப்பதென்று தெரியாது. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான், அந்த ஓரத்தை இதற்கு முன் யார் பிடித்தார் என்பது நினைவுக்கு வந்தது.

நான் என் மாணவர்களைக் கைவிட்டேன், அவர்களைக் காதுகொடுத்துக் கேட்காமல் அவர்கள் வாக்கியங்களை மட்டுமே கேட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யாரும் பேசவில்லை. இந்த முறை அந்த அமைதியை நான் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நடுவரிசையிலிருந்து வளர்மதி சொன்னார்.

"இலக்கணம் சுத்தமா இருக்கு சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பாஸ்கர் எழுந்து நின்று கை தட்டினான். அத்தனை பேரும் தட்டினார்கள். எனக்குக் கிடைத்த கைதட்டல்களில் எனக்குத் தகுதியானது அது ஒன்றுதான்.

அடுத்து வளர்மதியின் முறை. எழுந்தார். வார்த்தையைச் சொன்னார், பொருளைச் சொன்னார், நிறுத்திவிட்டார்.

"வாக்கியம்?"

"ஊடு பூட்டியிருக்கு சார்."

"அப்படின்னா?"

"சொந்த வாழ்க்கையில இந்த வாரம் நடந்ததத்தான சொல்லணும்? இன்னும் நடக்கல. சொன்னா பொய் வரியாயிடும்."

விதி என்னுடையது. ஏற்றுக்கொண்டேன். அந்தத் தெருவில் நாங்கள் இருந்த நாளெல்லாம் நான் கேட்பதும் அவர் அதே பதிலைச் சொல்வதும் வாடிக்கையானது. போகப் போக, அவர் பெயரைக் கூப்பிட்டதுமே வகுப்பு சேர்ந்து, "ஊடு பூட்டியிருக்கு" என்று பாடும். அவரும் சிரிப்பார். மன்னிக்க வேண்டியது கணவரையா என்னையா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை என் பழைய வீட்டோடு போய்விட்டது.

தேர்வில் வளர்மதி தேறினார். என் தெருவால்தான் என்று சொல்ல ஆசைதான். தேர்வில் எஃப்.ஓ.ஆர். தெருவிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. ரயில் நிலையப் பெஞ்சில் அவர் தானாகப் படித்த பொது அறிவுதான் கை கொடுத்ததாம். இதை என்னிடம் பாஸ்கர் மூன்று தடவை சொல்லிவிட்டான். அவன் இன்னும் தேறவில்லை. அடுத்த ஆண்டு உங்கள் வகுப்பில்தான் இருப்பான். எச்சரிக்கையாக இருங்கள். வளர்மதியின் அண்ணனோ, தங்கச்சியைப் படிக்க வைத்ததே தான்தான் என்று செந்துறை கடைவீதியில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. வளர்மதிக்குப் பெரம்பலூர் கருவூலத்தில் வேலை. மகளோடு பக்கத்திலேயே குடியிருக்கிறார்.

தெரு முறையை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விதிகளை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன். எனக்கு இந்த வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. வாத்தியார் முதலில் வரி கட்ட வேண்டும். வகுப்பு திடீரென்று அமைதியானால் உங்கள் விளக்கத்தை மெச்சிக்கொள்ளாமல், எல்லாரும் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படிக் கண்டுபிடித்தபின், தயவுசெய்து, அன்றைக்கே ஒன்றும் செய்துவிடாதீர்கள்.

என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், நாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று நேரில் காட்ட வேண்டும். பெரம்பலூரில் என்னைப் பார்த்து அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர் வளர்மதி. இந்த முறை போனபோது வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. நீங்க எழுதிட்டாத்தான் உறுதி."

விரல் ரேகை வைக்கச் சொன்னார். என் விரல் தேய்ந்துபோய்விட்டது, கருவி இரண்டு முறை மறுத்தது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருமினார். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"ஊடு?"

வளர்மதி என் காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார்.

"பூட்டித்தான் சார் இருக்கு. வாசல் மட்டும் கூட்டி வச்சிருக்கேன்" என்றார். "அடுத்த வருஷம் வாங்க."